உரிக்காமல் வைத்தது

ஆளுக்கொரு பைத்தியம் உண்டு. சிலருக்கு அதை மறைக்கத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் விற்கிற வாஷிங் மெஷினையும் ஃப்ரிட்ஜையும் வீடுவீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிற இந்த மெக்கானிக்குக்கு, புதுச் சாமான் மேல் ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிப்பதில் பைத்தியம். மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பி, இரண்டு விரலில் பிடித்து, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். சர்ரென்று ஒரு சத்தம் வரும். அடியில் யார் கையும் படாத பளபளப்பு தெரியும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் ஐம்பது தாண்டிய ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடை வண்டியை ஓட்டுகிறவருக்கு மட்டும் இது தெரியும். "அல்ப சந்தோஷம்யா உனக்கு" என்பார். அல்பம்தான், யார் இல்லையென்றது? பெரிய சந்தோஷம் எதுவும் வாசலில் வரிசை கட்டி நிற்கவில்லையே. கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து ஒருநாள் நின்றே போனது. தங்கை வேறு ஊரில். அவளுக்கு அவள் பாடு. இவருக்கு ஒரு மாடியில் ஒற்றை அறை. அதில் இருப்பதெல்லாம் புதுசு வாங்கினவர்கள் கழித்துவிட்ட பழைய சாமான்கள். உரிக்க ஒன்றுமில்லாத வீடு. அதனால் அடுத்தவர் வீட்டில் உரித்துக்கொண்டார். "தாளை எடுத்துடட்டுமா?" என்று கேட்பார், என்னவோ அவர்களுக்கு உபகாரம் செய்கிற மாதிரி. யாரும் வேண்டாம் என்றதில்லை.

அன்றைக்குப் போனது ரிப்பேர் வேலைக்கு. மருந்துக்கடையில் பில் போடுகிற ஓர் அம்மாவின் வீடு. கிட்டத்தட்ட இவர் வயதுதான் இருக்கும். தனியாள் என்பது வாசலில் கிடந்த ஒரே ஒரு ஜோடிச் செருப்பிலேயே தெரிந்தது. வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை என்றார் அந்த அம்மா. கீழே குழாயைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சட்டைப் பட்டனும் தலைமுடிச் சிக்கலும். எடுத்துப் போட்டதும் தண்ணீர் இறங்கிவிட்டது.

"மாடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று அந்த அம்மா போனார்.

போகாமல் இருந்திருக்கலாம். மெஷின் பழசு, ஆனால் பட்டன்கள் இருக்கிற பலகை மேல் தாள் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளேறி, சோப்புத்தூள் படிந்து, ஒரு மூலை மட்டும் லேசாகக் கிளம்பியிருந்தது. பல தடவை யாரோ நகம் வைத்துவிட்டு, வேண்டாமென்று எடுத்திருக்கிறார்கள். இதை மெக்கானிக் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசிப்பது? கண் பார்த்தது, கை பரபரத்தது.

பொய் சொல்லக்கூடாது, முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். ஆசை யாரை விட்டது? பசை இறுகிப் போயிருக்கும், கிழிந்துவிடும் என்று பயம் வேறு. கிழியவில்லை. மூலையிலிருந்து மூலைவரை ஒரே இழுப்பு. அப்படி ஒரு சத்தத்தை அவர் ஆயுளில் கேட்டதில்லை.

திரும்பினால், தோள் நிறையத் துணியோடு வாசற்படியில் அந்த அம்மா. கையும் களவுமாகப் பிடிபட்டார் மெக்கானிக்.

"அதை ஏன் எடுத்தீங்க?"

குரலில் கோபம் இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். கோபமே இல்லை.

"பழசா இருந்துச்சு மேடம்... அழுக்கா வேற... வழக்கமா எடுத்துடுவோம்..."

சொல்லிக்கொண்டே தாளைத் திரும்ப ஒட்டப் பார்த்தார். கோணலாகப் போய், உள்ளே காற்றுப் புகுந்து, அங்கங்கே உப்பிக்கொண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமானது.

"விடுங்க. ஒட்டாது." அந்த அம்மா துணியை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு இதுல ஒரு கிறுக்கு. வீட்டுக்கு எது வந்தாலும் தாளை நாந்தான் உரிப்பேன், யாரையும் தொடவிட மாட்டேன். இது ஒண்ண மட்டும் எடுத்து வச்சேன். ரொம்ப மோசமா ஒரு நாள் வரும்ல, அன்னிக்கு ஆகட்டும்னு. என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன அன்னிக்கு மூலையில கை வச்சேன். இதைவிட மோசமா ஒண்ணு வந்துட்டா என்ன பண்றதுன்னு விட்டுட்டேன். எங்கம்மா போன அன்னிக்கும் வச்சேன். அன்னிக்கும் உரிக்கல. இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய், மேடம்."

"ஒண்ணுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில போயிடுச்சு பாருங்க."

 இந்தக் கிறுக்கு உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவர் மெக்கானிக். இன்னொரு ஆள் கிடைத்தது சந்தோஷம்தான். அந்த ஆளிடம்தானா திருட வேண்டும்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்கும் இதே கிறுக்குதான் மேடம்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நல்லாவாவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு. கிழியவே இல்ல."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, "நாளைக்குப் பக்கத்துத் தெருவுல ரெட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒண்ணு இறக்கறோம். நான் சொல்லி வைக்கிறேன், நீங்க வந்து..." என்று உளறினார்.

"யார் வீட்டு ஃப்ரிட்ஜ்?"

"யாரோ..."

"நீங்க கிளம்புங்க."

தண்ணீர் மறுபடி இறங்காமல் நின்றால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, விட்டால் போதுமென்று படியிறங்கினார்.

அதற்கப்புறம் அவர் எந்தத் தாளையும் தொடவில்லை. "நீங்களே எடுத்துடுங்களேன்" என்று ஒரு வீட்டில் சொன்னபோது, "நீங்களே உரிங்க, நல்லா இருக்கும்" என்று கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். அவர்கள் கத்தரிக்கோலை வைத்துக் கிழித்துத் துண்டுதுண்டாக எடுத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. வண்டிக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெக்கானிக்குக்கு ஞாயிறு என்றாலே எரிச்சல். போகிற இடமும் இல்லை, வருகிற ஆளும் இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர், சாயங்காலம் போன் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மாதான். குரல் கரகரவென்று, பாதி வந்து பாதி வராமல் இருந்தது. இருமிவிட்டு, "மெஷினைக் கொஞ்சம் வந்து பார்க்கணும்" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெஷினைப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் ஏறியது, சுற்றியது, இறங்கியது. உள்ளே ஒரு துணிகூட இல்லை.

"நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"நல்லாத்தான் இருக்கு."

அப்போதுதான் பலகையைப் பார்த்தார். மூலையில் புதிதாகக் கீறல்கள். உரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள்.  அந்த அம்மா சொன்ன மோசமான நாள் வந்துவிட்டது. யார் போனார்களோ?

"என்ன மேடம் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல." அந்த அம்மா கையைப் பிசைந்தார். "காலையிலேர்ந்து ஒண்ணுமே ஆகல. போன் அடிக்கல. கதவை யாரும் தட்டல. உங்களைக் கூப்பிட்டப்ப குரலே வரல. இன்னிக்கு இன்னும் வாயே திறக்கலைன்னு அப்பதான் தெரிஞ்சுது. சாவுக்கும் சண்டைக்கும்னு அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வச்சிருந்தேன். இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான் வேணும்னு தெரியாமப் போச்சு."

மெக்கானிக் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். 

"நீங்க கூப்பிட்டப்ப ஹலோன்னேன்ல," என்றார். "எனக்கும் இன்னிக்கு அதான் மொதல் பேச்சு."

 அந்த அம்மா போய் மெஷினை மறுபடி போட்டார், காலியாகவே. ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒருதடவை முழுசா ஓடி முடியட்டும். பார்த்துட்டுப் போங்க."