பால் வராத பால்செடி

நெடுஞ்சாலைத் துறையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை. புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாலையோரத்தில் வளர்ந்து நிற்பதையெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டே போக வேண்டும். ரோட்டுக்கு முடிவெட்டி விடுகிறவர் என்பதால் டிப்போவில் அவருக்குச் ‘சலூன்காரர்’ என்று பெயர். மேஸ்திரியிலிருந்து வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நிஜப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

அன்று வண்டியை நிறுத்தி இறங்கியபோது இடுப்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. வெட்டி முடித்த ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் அட்டை, அதில் செருகிய தாள்கள்.

“அண்ணே, இங்க ஆரஞ்சுப் பூவோட ஏழு செடி நின்னுச்சே?”

சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். பச்சைக் கூளம்தான் கிடந்தது.

“நின்னிருக்கும்மா. இப்ப இல்ல.”

அந்தம்மா சண்டை போட்டிருந்தால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. மேலே வெட்டச் சொல்கிறார்கள், வெட்டுகிறேன். ஆனால் அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாப்பது கிலோமீட்டர் நடந்தேண்ணே. நம்ம மண்ணுச் செடிங்கள எண்ணுற வேலை. இந்தப் பால்செடி இங்க மட்டும்தான் இருந்துச்சு. இந்தக் குடும்பத்துச் செடில மட்டுமே முட்டை வைக்கிற வண்ணத்துப்பூச்சி ஒண்ணு இருக்கு.”

சலூன்காரர் வண்டிக்குப் போய் வந்தார். தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தம்மா மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு, “வேர் ஆழமா இருக்கும். மறுபடி துளிர்க்கும். அடுத்த தடவ கொஞ்சம் ஒதுங்கிப் போங்கண்ணே” என்று சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்தார்.

சலூன்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு, வெந்த முகத்தோடு வருவாள். சாயங்காலம் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தால் பேச்சு வருவதற்கே அரைமணி ஆகும்.

“ஏழு செடிக்காக ஒரு பொம்பள ரோட்டோரம் உக்காந்துட்டாளா?”

“உக்காந்துட்டா.”

“பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் ஏதேதோ துளிர்த்திருந்தது. எது அந்தச் செடி? அவருக்கு எல்லாமே புல்தான். அந்த வாரமே மனைவி ஒரு கிளையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். “உங்க செடி எங்க ஆஸ்பத்திரி வாசல்லயே தொட்டியில நிக்குது. இதுக்குப் போயா இந்தப் பாடு?” ஒடித்தால் வெள்ளைவெளேரென்று பால் வடிந்தது. பால்செடி, பால் வருகிறது, வேறென்ன வேண்டும்? சலூன்காரர் படம் பிடித்து அந்தம்மாவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

“அது இல்லண்ணே. நர்சரிக்காரங்க வெளிநாட்டுலருந்து கொண்டுவந்தது. பூவுல செவப்பும் மஞ்சளும் ரெண்டு நிறம் இருக்குல்ல? இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கா? தடவினா வழவழன்னு இருக்கும். நம்மளது பூ முழுக்க ஆரஞ்சு. இலை தண்டைச் சுத்தி ஒத்தை ஒத்தையா வரும். தண்டு சொரசொரன்னு மயிரா இருக்கும். ஒடிச்சா பால் வராது.”

“பால்செடின்னு பேரு, பால் வராதா?”

“வராது. பேர் வெச்சவங்களத்தான் கேக்கணும்.”

மறுநாள் சாலையோரத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு துளிராகத் தடவிப் பார்த்தார். மூன்று நாள் மழிக்காத தன் கன்னத்தைத் தடவுவது போல ஒன்று கையில் பட்டது. நுனியைக் கிள்ளினார். தெளிந்த நீர்தான் கசிந்தது. அப்படி மொத்தம் ஐந்து. பக்கத்தில் செடிக்கொரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டினார். தன்னோடு வேலை பார்த்த இன்னொரு வண்டிக்காரரிடமும் சொல்லிவைத்தார்.

செடிகள் தலைதூக்கிப் பூக்கும் சமயத்தில் மேஸ்திரி ஒரு சேதி சொன்னார். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், வெயில் தணிந்ததும் அந்தப் பக்கம் முழுக்கத் தோண்டுவார்கள். அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். “ஒண்ணை மட்டும் பெயர்த்துத் தொட்டியில வெச்சுப் பாருங்கண்ணே.” முழங்கை ஆழம் தோண்டியும் வேர் முடியவில்லை. இழுத்ததும் மளுக்கென்று முறிந்தது. தொட்டியில் வைத்த அந்தச் செடி நான்கே நாளில் கருகிப்போனது.

இனி விதைதான் வழி. காய்கள் வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு விரிப்பைக் கேட்டு வாங்கி வந்து, மனைவி சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். திட்டிக்கொண்டேதான் தைத்தாள். இரண்டு செடிகளில் நான்கு காய். நிமிர்ந்து நின்ற அவற்றுக்குப் பைகளை மாட்டிக் கழுத்தில் நூல் கட்டினார். காய் பழுத்து வெடித்த பிறகு பையோடு பறித்துக்கொண்டு வந்தார். பஞ்சைப் பிரித்தபோது வீடெல்லாம் பறந்து, இருவரும் தும்மித் தீர்த்தார்கள். பத்து நாளில் மண்வெட்டும் இயந்திரம் வந்து மிச்சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று.

விதைகளை ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றார் அந்தம்மா. கொஞ்ச நாள் குளிரில் கிடந்து, குளிர்காலம் முடிந்துவிட்டதென்று விதை நம்பினால்தான் முளைக்குமாம்.

“காய்கறி வைக்கிற இடத்துல மண்ணா?” என்றாள் மனைவி.

“ஆறு வாரம்தான்.”

“விதைய ஏமாத்துறீங்க, சரி. என்னைய ஏமாத்த முடியாது.” ஆனாலும் டப்பாவை அவளே கீழ்த்தட்டில் வைத்தாள்.

நீள வேருக்கு ஆழம் வேண்டுமென்று காலி பால் அட்டைப்பெட்டிகளில் விதைத்தார்கள். முப்பத்தொன்று முளைத்தது. பாதிக்கு மேல் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டிகளின் முன் நிற்பார். ஒரு நாள், “ஊத்தினது நான்தாங்க, தண்ணி அதிகமாயிடுச்சு” என்றாள் மனைவி. “நானும்தான் ஊத்தினேன்” என்றார். பதினொன்று தங்கியது.

டிப்போ வேலியோரம் நடுவதற்கு மேஸ்திரி அனுமதி கொடுத்தார். “வெட்டுற ஆளே நடுறியா? உலகம் அழியப் போகுதுய்யா சலூன்காரரே” என்று சிரித்தார். முதல் வருடம் ஒன்றும் பூக்கவில்லை. அதற்குள் செடிக் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தம்மாவை ஏதோ அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மறு வருடம் மூன்று செடி பூத்தது. ஒரு விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிப் போய்க் காட்டினார். அவள் குனிந்து பார்த்துப் பதறினாள்.

“ஐயோ, புழு! பாதி இலைய மொட்டையடிச்சிருச்சுங்க!”

உடலெல்லாம் வரிவரியாக, கொழுத்த புழுக்கள். அவள் பிடித்தெறியக் கை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடும்மா, தின்னட்டும். அந்தம்மா சொன்ன வண்ணத்துப்பூச்சிதான் முட்டை வெச்சிருக்கு. அதுக்குத்தான் நட்டது.”

“இவ்ளோ பாடுபட்டு வளத்தது, புழு திங்கவா?”

“ஆமா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வேலிக்கல்லில் உட்கார்ந்து அவை தின்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படம் எடுத்து அந்தம்மாவுக்கு அனுப்பினார். நான்கு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தது: ‘இன்னிக்கு ஆபீஸ்ல தாங்க முடியலண்ணே. இந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துட்டிருந்தேன்.’

மனைவிக்குப் படித்துக் காட்டலாமென்று திரும்பினார். அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.