தாடையை விட்டு இறங்காத கை

டிவி மெக்கானிக் இப்போதெல்லாம் கடையில் எந்தப் பெட்டியையும் அணைத்து வைப்பதில்லை. ரிப்பேருக்கு வந்தது, ரிப்பேர் ஆனது, ஆள் வந்து வாங்கிப் போகாதது என்று எதெல்லாம் ஓடுமோ அதையெல்லாம் கடை திறந்ததுமே போட்டுவிடுவார். ஒரு பக்கம் செய்தி, ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் வெறும் புள்ளியும் இரைச்சலும். "என்னங்க, கரண்ட்டு சும்மா வருதா?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், "ஓடிக்கிட்டே இருந்தாத்தான் பெட்டிக்கு நல்லது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். உண்மை வேறு. அணைந்த திரையில் கடையின் பின்பக்கம் தெரியும். பின்பக்கத்து ஸ்டூல் தெரியும். ஸ்டூலில் பெரிய நீல அங்கி போட்ட ஒருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரியும். திரும்பிப் பார்த்தால் வெறும் ஸ்டூல்தான் இருக்கும்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அந்த ஆள் நாலு தெரு தள்ளி உயிரோடுதான் இருக்கிறார், கட்டிலில். மெக்கானிக்கின் தங்கை புருஷன், தொழில் தையல். ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கும் கால்சட்டை அவர் வெட்டியதுதான். வலது கையில் கத்தரியைப் பிடித்தால் துணி தானாக வழிவிடும் என்பார்கள். அந்த வலது கை இப்போது போட்டது போட்டபடி கிடக்கிறது. பேச்சும் இல்லை.

எப்படி ஆனது என்று சொல்ல வேண்டுமானால் மலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மலை என்பது ஒரு குத்துச்சண்டைக்காரர். ஹெவிவெயிட். அவர் சண்டையை விட்டே பல வருஷம் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் உலகத்துக்கே தெரியும், ஆனால் மெக்கானிக் கடையில் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைச்சல். அங்கே அவர் மலை. நாலு பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்: மெக்கானிக், தையல்காரர், ஒரு பஸ் டிரைவர், ஒரு மருந்துக்கடைக்காரர். நாலு பேரும் வாழ்க்கையில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. ஆனால் மலையின் சண்டைகளைக் கரைத்துக் குடித்தவர்கள்.

மலை நிற்கிற விதமே தனி. இடது கையை இடுப்புப் பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு, வாடா, முகம் திறந்துதான் கிடக்கு என்று கூப்பிடுவதுபோல நிற்பார். எதிராளி ஆசைப்பட்டு வீசுவான். மலை ஓடவும் மாட்டார், குனியவும் மாட்டார். தாடையை ஒரு விரற்கடை பின்னால் இழுப்பார், அவ்வளவுதான். குத்து காற்றோடு போகும். அவன் கையை மடக்குவதற்குள் அந்த இடது கை கீழேயிருந்து கிளம்பி அவன் மூக்கில் வந்து நிற்கும். வலது கை மட்டும் தாடையோடு ஒட்டியே இருக்கும். அடிப்பதற்குத்தான் கிளம்பும், அடித்த கையோடு திரும்பிவிடும். இவர்கள் அதை "வீடு திரும்புறது" என்பார்கள். எத்தனை அடி வாங்கினாலும், களைத்துக் கால் துவண்டாலும், அந்த வலது கை வீடு திரும்பாமல் இருந்ததே கிடையாது. "வலு எல்லாருக்கும் இருக்கும்ப்பா. களைச்சுப் போனப்புறமும் ஒழுங்கா இருக்கிறவன்தான் பெரிய ஆளு" என்பார் மெக்கானிக். அந்த பக்தியைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கி தையல்காரரின் கைங்கர்யம். மலை மேடைக்கு வரும்போது போடும் நீல அங்கியை, படத்தைப் பார்த்தே அளவு கண்டுபிடித்து அச்சாகத் தைத்துவிட்டார். நம் ஆட்கள் இரண்டு பேர் அதற்குள் குடித்தனம் நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலையின் சண்டையைப் பெட்டியில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால், முறை வைத்து ஒருவர் பின்னறையில் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு மலையாக வெளியே வருவார். மெதுவாக வர வேண்டும். யாரையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, வாய் ஒரு பக்கமாகச் சிரித்தபடி இருக்க வேண்டும், இடது கை தொங்க வேண்டும். மற்ற மூவரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். வந்தவர் ஸ்டூலில் உட்காருவார். வளர்ந்த ஆம்பிளைகள், பிள்ளை குட்டிக்காரர்கள் செய்கிற வேலை இது. வீட்டில் தெரிந்தால் மானம் போகும்.

அன்றைக்குத் தையல்காரரின் முறை. பின்னறைக்குப் போனவர் வர நேரமாயிற்று. "மலையை நகர்த்தக் கிரேன் கொண்டு வரணுமா?" என்று டிரைவர் கத்தினார். கதவு திறந்தது. அங்கி பாதி தோளில் தொங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. பேசவில்லை. மூவரும் எழுந்து கைதட்டினார்கள். இத்தனை நாள் எவனும் இப்படிச் செய்ததில்லை என்று மருந்துக்கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும்தான் டிரைவர் கவனித்தார்.

"டெய்லரே, தப்பு. தொங்க வேண்டியது இடது கை. நீங்க வலது கையைத் தொங்கப் போட்டிருக்கீங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? கிட்டே போய் என்னய்யா ஆச்சு என்று கேட்பான். இவர்கள் மலையின் ரசிகர்கள் ஆயிற்றே.

"தப்பு இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைசிச் சண்டையில ஒரு தடவை மலைக்கு வலது கை இறங்குச்சு. டெய்லர் அதைத்தான் செய்யறாரு. நுணுக்கமா பாத்திருக்காரு மனுஷன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மலையின் வலது கை இறங்கியதாமே. தாயைப் பழித்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். "எவன் சொன்னது? ஒருநாளும் இறங்கல. இதோ போட்டுக் காட்டறேன், இறங்கியிருந்தா நான் கடையை மூடிட்டுப் போறேன்" என்று எழுந்தார். கடைசிச் சண்டை இருந்த சிடி தட்டைத் தேடினார். தேடியதைத் துடைத்தார். துடைத்ததைப் போட்டு, மருந்துக்கடைக்காரர் சொன்ன ரவுண்டுக்கு ஓட்டி, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி மெதுவாக ஓட்டினார். மூன்று தலையும் திரைமேல் கவிழ்ந்து கிடந்தது. "இதோ, இறங்குது பார்." "எங்கய்யா இறங்குது, தோள் மறைக்குது." "உன் கண்ணுல கோளாறு."

நடுவில் யாரோ மெக்கானிக்கின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பாமலே தெரிந்தது. பக்கத்தில் அணைந்து கிடந்த பெட்டியின் திரையில் நீல அங்கி எட்டிக் கை நீட்டுவது தெரிந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தமும் வந்தது. மெக்கானிக் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "இருங்க மாப்ளே, ஒரு நிமிஷம், இவனுக்குக் காட்டிட்டு வர்றேன்" என்றார்.

காட்டியும் விட்டார். வலது கை இறங்கவில்லை. தாடையிலேயேதான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மெக்கானிக் ஜெயித்த முகத்தோடு திரும்பியபோது மாப்பிள்ளை தரையில் கிடந்தார்.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா கைக்கும் பேச்சுக்கும் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது" என்றார் டாக்டர், தங்கை வந்து சேருவதற்கு முன்னால். டாக்டரிடம் மருந்துக்கடைக்காரர்தான் தனியாக உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். பக்கவாதத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனிதன் அல்லவா. அதற்கப்புறம் அவர் மெக்கானிக் கடைப்பக்கமே வரவில்லை. ஆனால் தங்கை ஓடி வந்து, "என்ன அண்ணா ஆச்சு?" என்று கேட்டபோது பதில் சொன்னது மெக்கானிக்.

"வந்தாரு, உக்காந்தாரு, அப்படியே சரிஞ்சுட்டாரும்மா. உடனே தூக்கிட்டு ஓடி வந்துட்டோம்."

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், "அண்ணன் கடையில விழுந்ததால உசிரு மிஞ்சுச்சு. வீட்டுல தனியா இருந்திருந்தா என் கதி என்ன?" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம், மாப்பிள்ளை பிடித்து இழுத்த அந்தச் சட்டைக் கீழ்மடிப்பை மெக்கானிக்கின் கை தானாகத் தடவிப் பார்க்கும். மாப்பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. வந்துவிடுமோ என்று பயப்படாத நாளும் இல்லை. வந்தால் முதல் வார்த்தையாக எதைச் சொல்லுவார்? அன்றைக்கு அவருக்கு நினைவு இருந்ததா, தாங்கள் பேசியது காதில் விழுந்ததா? இந்தக் கேள்வியோடுதான் அவர் சாப்பிட்டார், படுத்தார், பெட்டிகளைத் திறந்து மூடினார். மலையின் சண்டையை மட்டும் பார்க்கவே முடியவில்லை.

அதைத்தான் தங்கை கொண்டு வரச் சொன்னாள்.

"பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாங்கண்ணா. அவருக்குப் பிடிச்சதைக் காட்டினா உள்ளேயிருந்து ஏதாவது கிளம்புமாம். உங்க ஆளு சண்டையைக் கொண்டு வந்து போடு."

தட்டு கீறிவிட்டது என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றார். மெஷின் மக்கர் பண்ணுகிறது என்றார். ஊர் மெஷினெல்லாம் சரி பண்ணுகிற ஆள் சொல்கிற சாக்கா இது? அவளே ஒருநாள் கடைக்கு வந்து நின்றுவிட்டாள். "அவர் பேசறது உனக்கு வேணுமா வேணாமா அண்ணா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலையணைகளை அடுக்கி மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தாள். மடியில் அந்த நீல அங்கி. ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்ட அங்கிக் கையைத் தங்கை ஒட்டுத் தெரியாமல் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள். மெக்கானிக் அதைப் பார்க்காமல் ஒயரை மாட்டினார். எடுத்து வந்திருந்த தட்டு வேறு ஏதோ பழைய சண்டை, கடைசிச் சண்டை இல்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

மலை வந்தார். இடது கையைத் தொங்கப் போட்டார். எதிராளி வீசினான், மலையின் தாடை விரற்கடை பின்னால் போனது, இடது கை போய் இறங்கியது, பின்னாலேயே வலது கை. அடித்தது, வீடு திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து பழைய சந்தோஷம் பொங்கியது. அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"அண்ணா, அங்க பாரு" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையின் இடது கை அங்கியை விலக்கிவிட்டு, துணிக்கடியில் கிடந்த வலது கையைத் தேடி எடுத்தது. மணிக்கட்டைப் பிடித்தது. நடுங்க நடுங்க, பாரம் தூக்குவதுபோலத் தூக்கிக் கொண்டுவந்து தன் தாடையில் வைத்தது.

தங்கை கைதட்டிவிட்டாள். "மலை மாதிரியே செய்யறார் பாருண்ணா. எல்லாம் ஞாபகம் இருக்கு அவருக்கு. டிரைவரண்ணனுக்குப் போன் போடு, வந்து பாக்கட்டும்." அவள் சிரித்தாள், கூடவே கண்ணீரும் வழிந்தது. அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. மறுபடி தட்டினாள். "நீயும் தட்டுண்ணா."

மாப்பிள்ளை பெட்டியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. மெக்கானிக்கைத்தான் பார்த்தார். இடது கை பிடியை விட்டது. வலது கை சரிந்து மடியில் விழுந்தது. மறுபடி எடுத்துத் தாடையில் வைத்தார், விட்டார், விழுந்தது. மறுபடியும் எடுத்தார்.

தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஸ்டூலில், இறங்கக் கூடாத கை இறங்கிவிட்டது என்று அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. தூக்கிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. தாங்கள் கத்தியது அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மெக்கானிக்கின் உள்ளங்கைகள் இரண்டும் விரிந்தபடி நின்றன. தட்டினால் போதும். தங்கை சந்தோஷமாக இருப்பாள், மாப்பிள்ளைக்கு வாய் கிடையாது, வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை.

எழுந்து பெட்டியை அணைத்தார். திரை கறுத்ததும் அதில் கட்டில் தெரிந்தது, நீல அங்கி தெரிந்தது, தன்னை நோக்கி ஒரு கை நீளுவதும் தெரிந்தது. இந்தத் தடவை திரும்பினார். போய்க் கட்டிலோரம் மண்டியிட்டு, சரிந்துகொண்டிருந்த அந்த வலது கையைத் தானே பிடித்து மாப்பிள்ளையின் தாடையோடு சேர்த்து வைத்தார். கை சில்லென்று இருந்தது.

"தட்டாதேம்மா" என்றார். "அவர் விளையாடல. அன்னைக்கும் விளையாடல."

தங்கையின் கைகள் பாதியில் நின்றன. "அன்னைக்குன்னா?"

மெக்கானிக் பிடித்த கையை விடாமல், அவள் முகத்தைப் பார்த்து, பின்னறைக் கதவு திறந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினார்.