கிருபாவதி பற்றவைத்த கம்ப்யூட்டர்

கிருபாவதிக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. கணக்குப் பார்க்க அல்ல, கடிதம் அடிக்கவும் அல்ல. விளையாட. 1986-ஆம் வருஷம் மராட்டியத்துக் கட்கியில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

"வெளயாடவா? முப்பத்தோரு வயசுலயா?" என்றாள் அம்மா ஆரோக்கியமணி.

"ஏன், முப்பத்திரண்டுல வெளயாடினா பரவாயில்லையா?"

"வாயப் பாரு. தேவாலயத்துக்குச் சுற்றறிக்கை அடிக்கன்னு சொல்லேன்ட்டி. கேக்கிறவங்களுக்கும் ஒரு மதிப்பா இருக்கும்."

"பொய் சொல்ல மாட்டேன். வெளயாடத்தான்."

இந்த ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, ஓட்டல் வாசலில் காசு போட்டு ஆடுகிற விளையாட்டு மிஷின் ஒன்றைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒரு கப்பல் ஓடியது. கையில் காசை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்து நின்றாள். அவள் முறை வந்ததும் மீசை அரும்பாத ஒருவன், "ஆன்ட்டி, ஜரா ஸைட்" என்று முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போனான். ஆன்ட்டியாம்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த மிஷினுக்குள் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகச் சிஞ்ச்வட்டில் ஒரு டி.வி. கம்பெனியில் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் பற்றவைப்பதுதான் அவள் வேலை. நாளைக்கு நூற்றைம்பது பலகை. எல்லாம் யாரோ வீட்டு டி.வி.க்கு.

எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் ஏழு மாதம் தொடராக வந்த கம்ப்யூட்டர் சர்க்யூட்டை அவள் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். அதோடு வந்த விளையாட்டில் ஒரு புள்ளி சுவரைத் தாண்டும். சப்பென்று இருந்தது. அவள் அதைக் கலைத்துவிட்டு, அந்தத் தொடர் சொல்லிக்கொடுத்த வழியிலேயே தன் விளையாட்டை எழுதினாள்: லட்சுமி ரோட்டில் ஒரு சைக்கிள், எதிரே மேலிருந்து வந்துகொண்டே இருக்கும் பஸ்கள். இடது, வலது என்று ஒதுங்கித் தப்பிக்க வேண்டும். சதவீதக் குறியைப் பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரு கம்பியும் போலத்தானே இருக்கிறது? அதுதான் சைக்கிள்.

இனி சாமான் வாங்க வேண்டும். புதவார் பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தப்கீர் கல்லிக்குத் தனியாகப் போனாள். கடைக்காரச் சேட் அவள் நீட்டிய பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

"பஹன்ஜி, பாயி கோ பேஜ் தோ."

தம்பியை அனுப்ப வேண்டுமாம். சரி, தம்பிக்கும் குறைவில்லை. ஆர்தர் அவளுக்கு நான்கு வயது இளையவன், பி.எஸ்ஸி. பிசிக்ஸ், இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. நல்லவன்தான், ஆனால் பந்திக்கு முந்துகிற ஜாதி. அடுத்த சனிக்கிழமை அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அதே கடைக்குப் போனாள்.

சேட் முகம் மலர்ந்து ஆர்தருக்கு நாற்காலி போட்டார். ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி மேஜையில் வைத்தார். எல்லாச் சாமானும் இதிலேயே இருக்கிறது, சாப் எதையும் தேட வேண்டாம் என்றார். சாப் தலையாட்டினான்.

"பை வேண்டாம், ஒண்ணொண்ணா நான் பாத்து எடுக்கணும்" என்று கிருபாவதி இந்தியில் சொன்னாள். சேட் ஆர்தரைப் பார்த்தார். ஆர்தர் கூரையைப் பார்த்தான்.

முதலில் பிராசசர். நாற்பது கால் உள்ள கறுப்புச் சில்லு, முதுகில் பளிச்சென்று வெள்ளை எழுத்து. கிருபாவதி கைப்பையைத் திறந்து நகப்பூச்சு அழிக்கிற திரவம் ஒரு பாட்டில் எடுத்தாள். வாழ்நாளில் அவள் நகத்துக்குப் பூச்சுப் போட்டதில்லை. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுச் சில்லின் முதுகில் துடைத்தாள். வெள்ளை எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் உரசி மழித்த தடம் தெரிந்தது.

அவள் கம்பெனியில் வந்திறங்கும் சரக்கை இப்படித்தான் சோதிப்பார்கள். கம்பெனி அச்சு எளிதில் அழியாது. பழைய சில்லை உரசி, புது நம்பர் எழுதினால்தான் அழியும். இது பி.எஸ்ஸி. பிசிக்ஸில் வராது.

சேட் முகத்தில் ஈயாடவில்லை. உள் அலமாரியைத் திறந்து வேறு டப்பா எடுத்து வந்தார். அவள் அதையும் துடைத்தாள். மெமரியையும் துடைத்தாள். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் துடைத்தாள். கடை முழுக்க அழகுநிலைய வாடை.

"போதும்க்கா, மானம் போகுது" என்று ஆர்தர் கிசுகிசுத்தான்.

"யார் மானம்ல போகுது?"

சில்லுகளை நேராகப் பலகையில் பற்றவைத்துவிடலாம், அடியில் வைக்கிற பேஸ் எதற்கு, வீண்தானே என்றார் சேட். ஆர்தரும் அதையே சொன்னான். ஒன்று கெட்டால் கழற்ற வேண்டியது நான், நீங்கள் இரண்டு பேரும் வரமாட்டீர்கள் என்று சொல்லி எல்லாவற்றுக்கும் பேஸ் வாங்கினாள். டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். லேசாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள். கம்ப்யூட்டருக்கென்றே வந்த மெல்லிய சாவிப்பலகை ஒன்றை சேட் காட்டினார். கிருபாவதி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது டைப் அடிக்கிறதுக்கு. என் சைக்கிள் ஓட்ட இது தாங்காது" என்றாள்.

பட்டன் கிடைத்தது பழைய சாமான் விற்கும் ஜுனா பஜாரில், ஞாயிற்றுக்கிழமை. ஏதோ லேத் மிஷினிலிருந்து கழற்றியவை, உள்ளங்கை அகலம். பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று. குத்தினாலும் அசையாது. பச்சை இரண்டும் இடது, வலது. சிவப்பு, ஆட்டத்தைத் தொடங்க.

கம்பெனியின் டெஸ்டிங் பிரிவுச் சரசா சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டை ஈப்ராம் சில்லில் ஏற்றிக் கொடுத்தாள். பேக்கரி பிஸ்கட் டின் ஒன்று மிஷினுக்கு உடம்பானது. நவம்பர் முழுக்க ஷிப்ட் முடிந்து லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பற்றவைத்தாள். ஆர்தர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தேவாலய வாசலில் வாய் சும்மா இருக்குமா? "நாங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் பண்ணுதோம்" என்று பங்குத் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஜேசுராஜிடம் சொல்லி வைத்தான். கிறிஸ்துமஸ் சந்தையில் அதற்கு ஒரு ஸ்டால் என்று அவரும் அன்றே முடிவு செய்துவிட்டார். கிருபாவதிக்கு சந்தோஷந்தான். அந்த 'நாங்க' என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, மத்தியானம், மிஷின் உயிர் பெற்றது. வீட்டு டி.வி.யில் கோடுகள் நடுங்கி, அடங்கி, கீழே சதவீதக் குறி வந்து நின்றது. சிவப்பைக் குத்தினாள். பஸ்கள் கிளம்பின. இடதுபக்கப் பச்சையைக் குத்தினாள்.

சைக்கிள் வலதுபக்கம் போய் பஸ்ஸில் முட்டியது.

வலதைக் குத்தினால் இடது. ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு அம்மா எழுந்து வருகிற அளவுக்குச் சிரித்தாள். பத்திரிகைப் படம் பலகையை மேலிருந்து பார்த்து வரைந்தது. அவள் பற்றவைத்தது அடியிலிருந்து. கம்பெனியில் பலகை அவளிடம் குப்புறத்தான் வரும், வழிகாட்டிப் படமும் குப்புறத்தான் வரைந்திருக்கும், திருப்பிப் பார்க்கிற வேலையே இல்லை. ஒன்பது வருஷமாகப் பலகையின் முதுகை மட்டுமே பார்த்த கை, பட்டன் பலகையையும் முதுகிலிருந்தே இடம் வலம் எண்ணிவிட்டது. ஈயம் பற்றவைக்கிறவளைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

இரண்டு ஒயரை மாற்றினால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. பற்றவைக்கிற இரும்பைச் சூடாகப் போட்டாள்.

அந்த நேரத்தில் ஆரோக்கியமணி சந்தையின் நோட்டீசைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். ஐந்தாம் ஸ்டால்: 'கம்ப்யூட்டர் விளையாட்டு. தயாரிப்பு: திரு. ஆர்தர் மரியஜோசப், பி.எஸ்ஸி. உதவி: சகோதரி.'

பெயர்கூட இல்லை. சகோதரி. கிருபாவதிக்குக் காது இரண்டும் எரிந்தது. சேலையை உதறிக்கொண்டு நேரே ஜேசுராஜ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இது நான் செஞ்சது. என் பேரப் போடுங்க."

"தெரியும்மா. ஆனா நோட்டீசுக்கு ஸ்டென்சில் வெட்டியாச்சு, இனி மாத்த முடியாது." குரலைத் தணித்துக்கொண்டார். "அதுவும்போக, ஆர்தர் பி.எஸ்ஸி.ல்லா. பொம்பளப் பிள்ள செஞ்சதுன்னா இது ஓடுமான்னு சனம் யோசிக்கும்."

"ஓடுதா இல்லையான்னு சனம் வந்து பாக்கட்டும்."

"அடுத்த வருஷம் பாப்போம்மா."

வீட்டில் ஆர்தர் சொன்னான், "என் பேரு இருந்தா என்னக்கா, உன் பேரு இருந்தா என்ன? ஒரே குடும்பந்தான?"

"அப்ப என் பேரு இருந்தா என்னல?"

அவன் ஸ்கூட்டர் சாவியைத் தேடப் போய்விட்டான்.

மேஜையில் பற்றவைக்கிற இரும்பு சூடேறிக் காத்திருந்தது. கிருபாவதி கொஞ்ச நேரம் அந்த இரண்டு ஒயரையும் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள், டின்னை மூடினாள், நான்கு திருகையும் இறுக்கினாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அப்படியே ஆடிப் பழகினாள். மூன்று நாளில் கை மாறிக்கொண்டது. அதன்பின் அவளுக்கு அதுதான் நேர், மற்றதெல்லாம் கோணல். யாரையும் ஏமாற்ற அவளுக்கு மனமில்லை. அதனால் ஆர்தரைக் கூப்பிட்டாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"ஏல, ஒரு தரம் வந்து குத்திப் பாரு."

"அதுல என்னக்கா இருக்கு? இடதுன்னா இடது, வலதுன்னா வலது."

மூன்று தடவையும் அதே பதில். அதற்குமேல் அவனுக்காக அவள் கவலைப்படவில்லை.

சந்தையன்று பங்கு மண்டபத்தில் வளையம் எறிகிற ஸ்டாலும் கேக் ஸ்டாலும் காற்று வாங்கின. கூட்டமெல்லாம் ஐந்தாம் ஸ்டாலில். ஜேசுராஜ் மைக்கைப் பிடித்து, நமது பங்கின் இளம் விஞ்ஞானி தாமே முதல் ஆட்டத்தை ஆடித் தொடங்கி வைப்பார் என்றார். ஆர்தர் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கிருபாவதி ஓரமாகக் கைகட்டி நின்றாள்.

சிவப்பைக் குத்தினான். பஸ் வந்தது. ஒதுங்கப் பார்த்தான். நேராகப் போய் மோதினான்.

"சும்மா ஒரு டிரையல்" என்று சிரித்தான். மறுபடி குத்தினான். மறுபடி மோதினான். மூன்றாம் முறை இரண்டு பச்சையையும் மாற்றி மாற்றிக் குத்தியதில் சைக்கிள் குடித்தவன் போல ஆடி, முதல் பஸ்ஸிலேயே விழுந்தது. கூட்டம் சிரித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "ஏன்டே, நீ செஞ்ச வண்டிய உனக்கே ஓட்டத் தெரியலயா?" என்று உரக்கக் கேட்டார்.

ஆர்தருக்கு அசடு வழிந்தது. ஜேசுராஜ் மைக்கை மூடிக்கொண்டு, "மிஷின் ரிப்பேரா?" என்றார்.

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. எந்திரில" என்றாள் கிருபாவதி. ஆர்தர் எழுந்தான்.

அவள் உட்கார்ந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவப்பைக் குத்தினாள். பஸ் இடதில் வந்தது, அவள் கை இடதுபக்கப் பச்சையைக் குத்தியது, சைக்கிள் வலதில் நழுவிப் போனது. பத்து பஸ், ஐம்பது பஸ். பட்டன்கள் லேத் பட்டறை போலத் தடால் தடால் என்று அதிர்ந்தன. நூறைத் தாண்டியதும் கூட்டமே எண்ண ஆரம்பித்துவிட்டது, தமிழில் பாதி, இந்தியில் பாதி. இருநூற்றுப் பதினான்காவது பஸ்ஸில்தான் சைக்கிள் விழுந்தது. பம்பாய் ஓட்டல் வாசலில் ஒதுக்கித் தள்ளப்பட்ட அந்த நிமிஷத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். மனசு நிறைந்து இருந்தது.

"ஏம்மா இடது வலது மாறிக் கெடக்கு?" என்று அதே கிழவர் கேட்டார்.

"மாறல தாத்தா. இத அடியிலிருந்து பத்தவெச்சது நான். பத்தவெச்சவ பக்கத்திலிருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு."

யாரும் அதற்குமேல் தயாரிப்பு யார் என்று கேட்கவில்லை. முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், பாதிக்குமேல் பெண்கள். ஆர்தர் வரிசையின் கடைசியில் போய் நின்றான். "எப்படிக்கா, கைய மாத்தி யோசிக்கணுமா?" என்று அங்கிருந்தே கேட்டான். கேட்கவாவது தோன்றியதே என்று அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் பிரியம் திரும்பியது.

ஜேசுராஜ் கையில் நோட்டீஸோடு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, பிள்ளைங்க ரொம்பத் திணறுது. ரெண்டு ஒயருதானாமே, உங்கம்மா சொன்னாங்க. மாத்திக் குடேன்."

"நோட்டீச மாத்துங்க அண்ணாச்சி. மிஷின மாத்த மாட்டேன்."

"ஸ்டென்சில்தான் வெட்டியாச்சேம்மா."

"நானும் பத்தவெச்சாச்சு" என்று சொல்லிவிட்டு கிருபாவதி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவர் நோட்டீசை ஐந்தாம் ஸ்டால் தெரிகிற மாதிரி மடித்தார். பிறகு சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.