நாற்பத்தொன்பது நாள் சைவம்

கணவன் இறந்த முப்பத்தோராம் நாள், லிங்-யூ பன்னிரண்டு மணிக்குச் சலவைக் கடையின் கதவை இழுத்துவிட்டு, தைவானின் ஜியாயி ரயில் நிலையத்தின் பின்தெருவில் இருக்கும் சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். நாற்பத்தொன்பது நாள் முடியும்வரை வீட்டில் கவுச்சி கூடாது. வீட்டிலேயே காய்கறி சமைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சமையலறைக்குள் போனால் எதற்குப் போனோம் என்பது மறந்துபோகிறது. இரண்டு முறை வெறும் சட்டியை அடுப்பில் காயவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நாத்தனார் கிம்-ஹுவா ஏற்கெனவே வந்து வாசலில் காத்திருந்தாள். அறுபத்து மூன்று வயது, சந்தையில் துணி விற்றுப் பழகிய தொண்டை. தம்பி மனைவி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்க அவள் தினமும் பஸ் ஏறி வந்தாள்.

"நேத்து வச்ச புல்லையே இன்னிக்கும் அள்ளாத. கொஞ்சம் கனமா எதாவது எடு" என்றாள்.

நீள மேசையில் நாற்பது தட்டுகளுக்கு மேல் ஆவி பறந்தது. லிங்-யூ இடுக்கியால் கைக்கு எட்டியதை எடுத்தாள். சோயாப் பால் ஆடையை மடித்துப் பொரித்த வாத்து, கடற்பாசியைத் தோலாகச் சுற்றிய மீன், கிழங்கு மாவில் செய்து ஓரத்தில் சிவப்பு தீட்டிய இறால். அவள் கணவன் சுன்-ஷெங் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். ஒரே ஒருமுறை இந்தக் கடைக்கு வந்திருக்கிறான். "வாத்தை விட்டாச்சுன்னா விட்டுட வேண்டியதுதானே, எதுக்கு அதோட தோலைப் போய் தேடறாங்க?" என்று கேட்டுவிட்டு அந்த வாத்தில் மூன்று துண்டு தின்றான். அது நினைவுக்கு வந்தது. வந்ததும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ சொன்ன செய்தி மாதிரி வந்து போயிற்று.

கடைக்காரி சாய் அம்மா தட்டை எடைபோட்டு, லிங்-யூவின் தலைமுடியில் துக்க அடையாளமாகக் குத்தியிருந்த வெள்ளை நூல் பூவைப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி சோறு கூட வைத்தாள்.

கூட்ட நேரம். மூலையில் ஒரு வட்ட மேசையில்தான் இடம் இருந்தது. அங்கே ஒருவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லிங்-யூ தட்டை வைத்த பிறகுதான் அவன் நிமிர்ந்தான்.

லியாவ். மீன் லாரி ஓட்டுபவன். காலையில் சோயாப் பால் வாங்கப் போன சுன்-ஷெங்கின் ஸ்கூட்டரை, நாற்சந்தியில் வலப்புறம் திரும்பும்போது இடித்தவன். மூன்றாம் நாள் சுன்-ஷெங்கின் படத்துக்கு முன்னால் வந்து மண்டி போட்டான். கிம்-ஹுவா அவன் கொண்டுவந்த பழக்கூடையைத் தெருவில் வீசினாள். உருண்டோடிய ஆரஞ்சுகளை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். நாற்பது வயது இருக்கும். இப்போது பார்த்தால் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

அவன் தட்டோடு எழுந்தான்.

"உக்காருங்க. சாப்பாட்டுல பாதியில எழுந்திரிக்காதீங்க" என்றாள் லிங்-யூ.

"நீ என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றாள் கிம்-ஹுவா. பிறகு அவனிடம் திரும்பினாள். "மீன் வண்டி ஓட்டறவனுக்குச் சைவக் கடையில என்ன வேலை?"

"நானும் நாப்பத்தொம்பது நாள் சைவம் இருக்கேன் அக்கா."

"ஓ. சோயா வாத்தைத் தின்னா கழுவிக்கிட்டுப் போயிடும்னு எவன் சொன்னான் உனக்கு?"

"யாரும் சொல்லல. போயிடும்னு நானும் நெனைக்கல. மீன் வாசனை வந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது. வண்டியையும் விட்டுட்டேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கிம்-ஹுவா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லிங்-யூ கேட்டாள்.

"நாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவருக்கு நெனவு இல்ல. ரோட்டுல எதாவது சொன்னாரா?"

லியாவ் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான். போலீஸ் அவனிடம் வேகத்தைக் கேட்டது, விளக்கின் நிறத்தைக் கேட்டது. இதை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

"சொன்னாரு."

"என்ன?"

"ஸ்கூட்டர் கீழ கெடந்து ஓடிட்டே இருந்துச்சு. அதை அணைக்கச் சொன்னாரு. பெட்ரோல் வீணாப் போகுது, சாவியைத் திருப்புன்னாரு. நான் திருப்பினேன். ரெண்டு பக்கமும் பார்த்து வண்டியைத் திருப்ப மாட்டியான்னு திட்டினாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

கிம்-ஹுவா வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

லிங்-யூ ஒரு துண்டு வாத்தை வாயில் போட்டு மென்றாள். உள்ளே எதுவும் உடையவில்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. 'மனைவியைப் பார்க்கணும்' என்றோ 'பிள்ளைகளைப் பார்த்துக்கோ' என்றோ சொன்னதாக அவன் சொல்லியிருந்தால், அவள் அப்போதே எழுந்து போயிருப்பாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட எஞ்சினை அணைக்கிற மனுஷன் அவர்.

"வலிச்சுதா அவருக்கு?"

"தெரியல அக்கா. கோவமா இருந்தாரு."

அவள் தலையசைத்தாள். லியாவ் மெதுவாகக் கேட்டான்: "நாப்பத்தொம்பதாம் நாள் கோயில்ல கடைசியா நின்னு ஒரு பத்தி கொளுத்திட்டுப் போயிடட்டுமா?"

"வேண்டாம். பசங்க வருவாங்க. உங்களைப் பார்த்தா அவங்களால தாங்க முடியாது."

"சரிங்க அக்கா."

"நான் தெனம் பன்னெண்டு மணிக்கு இங்க வருவேன். நீங்க ஒரு மணிக்கு மேல வாங்க."

அதில் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. துணியை எந்த நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல்தான். அவன் எழுந்து இடுப்பு வளையக் குனிந்துவிட்டுப் போனான். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

பஸ் நிறுத்தம்வரை கிம்-ஹுவா திட்டிக்கொண்டே வந்தாள். "உனக்கு ரத்தமே கெடையாதா? என் தம்பியைக் கொன்னவனுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கற." லிங்-யூ அவளை பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பினாள். அன்று மாலை பதினெட்டுச் சட்டைகளைத் தேய்த்தாள். ஒன்றுகூடக் கருகவில்லை.

அதன் பிறகு அவனை அவள் பார்க்கவில்லை. ஒரு மணிக்கு மேல் வருகிறான், வெறும் கீரையும் சோறும் எடுக்கிறான் என்று சாய் அம்மா சொன்னாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் அழுதார்கள். லிங்-யூ பிக்குணிகளுக்குத் தேநீர் ஊற்றினாள், வாடகை நாற்காலிகள் சரியாகத் திரும்பிப் போகின்றனவா என்று பார்த்தாள்.

ஐம்பதாம் நாள் கிம்-ஹுவா அவளை வான்கோழிச் சோற்றுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உடம்புல பசை இல்ல உனக்கு. இன்னிக்குக் கறி தின்னியே ஆகணும்."

இரண்டு கிண்ணம் வந்தது. சூடான சோறு, மேலே இழை இழையாகக் கறி, வெங்காயம் வதக்கிய கொழுப்பு. லிங்-யூ ஒரு வாய் எடுத்தாள். உப்பு இருந்தது, அவ்வளவு தெரிந்தது. சைவக் கடையின் வாத்து வாயில் எப்படி இருந்ததோ இதுவும் அப்படியே இருந்தது.

எதிரே சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். கிம்-ஹுவா கிண்ணத்தைத் தொடவே இல்லை. தோள் குலுங்கியது. ஐம்பது நாளாக எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவள், மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதாள்.

"சாவுற நேரத்துல பெட்ரோலைப் போய்... பைத்தியக்காரன். என்ன லிங்-யூ இவன்..."

லிங்-யூ எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து காகிதம் உருவிக் கொடுத்தாள், இன்னொன்று உருவிக் கொடுத்தாள். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். அந்த முதுகு சூடாக இருந்தது. கை எடுக்கத் தோன்றவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆறிப்போன கிண்ணங்களை உள்ளே கொண்டுபோய்ச் சூடுபடுத்தி வந்து வைத்தார்.