நான்கு முதலாளிகளும் நாற்பது ஜன்னல்களும்

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை முதலாளி ஆக்கினார்கள். நான் கேட்கவே இல்லை. நான் பாட்டுக்குத் தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், வயிற்றில் ஏழாம் மாதக் குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் முதலாளி ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டியபடி நிற்கிறார். உள்ளே நூறு விசிட்டிங் கார்டு. தங்க நிற எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே ‘உரிமையாளர்’.

எங்களுடையது ஜன்னல் திரை தைக்கும் கடை. வேலைக்கு மூன்றே பேர். துணி வெட்டுகிறவர் கத்தரி அக்கா. முதலாளியைத் ‘தம்பி’ என்று கூப்பிடும் உரிமை அவருக்கு மட்டும்தான். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, பிறகு திரையை மாட்டிவிட்டு வருகிறவர் ஏணி அண்ணன். தைப்பது நான். அன்று மூவருக்கும் ஆளுக்கொரு பெட்டி.

“இனிமே நீங்க யாரும் என்கிட்ட வேலை பாக்கலை,” என்றார் முதலாளி, ஏதோ பரிசு கொடுக்கிற முகத்தோடு. “நீங்க மூணு பேரும் தனித்தனி கம்பெனி. நான் ஆர்டர் தருவேன், நீங்க பில் தருவீங்க. அவ்வளவுதான்.”

விஷயம் சம்பள வரி. எங்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, அதோடு முதலாளி தன் பங்கையும் சேர்த்து மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். இதுவரை நூறுக்குப் பன்னிரண்டு கட்டிக்கொண்டிருந்தவர், அடுத்த மாதத்திலிருந்து பதினெட்டு கட்ட வேண்டுமாம். எங்கள் பங்கிலும் இரண்டு கூடுகிறது. வேலையாளே இல்லாத கடைக்குச் சம்பள வரி ஏது என்று அவருடைய கணக்கர் வழி காட்டியிருக்கிறார்.

“அப்போ எங்களுக்குப் பிடிக்கிற காசு?” என்றார் ஏணி அண்ணன்.

“பிடிக்கவே மாட்டாங்க. முழுசா உங்க கையில.”

ஏணி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேரிடம் அவருடைய கார்டு இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷம்தான். நீட்டிய தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போனதும் கணவரிடம், “எழுந்து நில்லுங்க, முதலாளி வந்திருக்கேன்,” என்றேன்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரண்டு பக்கமும் பார்க்காமல் எதையும் திருப்ப மாட்டார். கார்டை ஓரமாக வைத்துவிட்டு, கூட இருந்த ஒப்பந்தத் தாளை முதல் வரியிலிருந்து படித்தார்.

“சரி முதலாளியம்மா, பிரசவ லீவுக்கு நாலு மாசச் சம்பளம் வருமே, அதை யார் தருவாங்க?”

“அரசாங்கம்.”

“எந்தக் காசுலேருந்து?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிக் காசிலிருந்துதான். மறுநாள் காலையில் முதல் வேலையாக வரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். பேசிய பெண் அன்பாகத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாதக் கடைசி. அதற்குள் என் பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் வந்துவிட்டால் பிரசவத்துக்கு ஒரு காசும் கிடையாது.

கையில் ஃபோனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேன் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போகும். பெற்ற பதினைந்தாம் நாள் குழந்தையை யார் மடியிலாவது போட்டுவிட்டு மிஷினில் வந்து உட்கார வேண்டியதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு எப்போதும் வசதி.

நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் துணிக்கடைக்காரரோடு ஃபோனில் இருந்தார். பாதி காதில்தான் வாங்கினார்.

“எல்லாம் கணக்கர் பாத்துப்பார்மா. படிவம் வெள்ளிக்கிழமை போகுது. நீ இன்னும் வேலைக்காரி மாதிரியே பேசுறே. முதலாளி மாதிரி யோசிக்கப் பழகு.”

யோசித்தேன். ஒப்பந்தத்தில் என் கணவர் பென்சிலால் கோடு போட்டிருந்த ஒரு வரி இருந்தது: ‘வேலை நேரத்தையும் விலையையும் உரிமையாளரே தீர்மானிப்பார்.’ மத்தியானம் கத்தரி அக்காவிடமும் ஏணி அண்ணனிடமும் காட்டினேன். அக்கா இரண்டு முறை படித்துவிட்டுக் கத்தரியை உறையில் போட்டார்.

புதன்கிழமை நான் கடைக்கு வந்தபோது மணி பதினொன்று. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். மாணவிகள் விடுதி ஒன்றுக்கு நாற்பது ஜன்னல். திங்கட்கிழமை திறப்பு விழா. இருபது முடிந்திருந்தது, இருபது பாக்கி.

“என்னம்மா, இவ்வளவு லேட்டு?”

“வாங்க சார், உக்காருங்க. உங்க ஆர்டர் வந்துது. பரிசீலனையில இருக்கு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் வாடிக்கையாளர்களுக்குப் போடும் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

கத்தரி அக்கா தன் கார்டு ஒன்றை நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். “எங்க கம்பெனியில பாதி அட்வான்ஸ் வாங்காம கத்தரியைத் தொடுறதில்லை தம்பி. புதுசா வர்ற பார்ட்டி வேற நீங்க.”

“அக்கா, நான் புதுசா? பதினோரு வருஷமா...”

“அது நான் வேலைக்காரியா இருந்தப்போ.”

ஏணி அண்ணனை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை வாசலில், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தார். அவர்களும் திரைதான் விற்கிறார்கள். ஒரு கம்பெனி எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாமே! முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

வியாழக்கிழமை வீம்புக்கு அவரே கத்தரியைக் கையில் எடுத்தார். நாங்கள் இரண்டு உரிமையாளர்களும் வேடிக்கை பார்த்தோம். அளவெல்லாம் துல்லியம், அதைச் சொல்லியே ஆகவேண்டும். மத்தியானத்துக்குள் ஆறு ஜன்னலுக்கு வெட்டிவிட்டு, ஒன்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, எங்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். துணி முழுக்க மஞ்சள் பூ. பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கியது, காம்பு மேலே, இதழ் கீழே. பூப்போட்ட துணியை விரித்ததும் முதலில் மேல் எது, கீழ் எது என்று பார்ப்பார் அக்கா. அதை அவர் செய்கிறார் என்பதே பதினோரு வருடமாக முதலாளிக்குத் தெரியாது.

கத்தரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. குழந்தையும் கூடச் சேர்ந்துகொண்டது. முதலாளி சிரிக்கவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சட்டென்று பாவமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் என் மிஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கையில் படிவம்.

“வரி ஏறினதும் கணக்கர்கிட்ட போனேன். ஒருத்தரை நிறுத்தினா சமாளிக்கலாம்னார். யாரைன்னு கேட்டேன். தைக்கிற பொண்ணு எப்படியும் லீவுல போகப்போகுது, அதையே அனுப்பிடுங்கன்னார்.” தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கு மனசு வரலை. அப்போ எல்லாரையும் முதலாளி ஆக்கிடுங்கன்னார். யாரையும் அனுப்ப வேண்டாமேன்னு சந்தோஷமா கார்டு அடிச்சேன். நீ லீவுப் பணத்தைப் பத்திச் சொன்னது காதுல ஏறவே இல்லைம்மா. நேத்து ராத்திரி என் பொண்டாட்டிதான் மண்டையில குட்டினா.”

நான்கு நாள் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நூறுக்குக் கூடுற அந்த ஆறு ரூபாயை எங்கேருந்து கொண்டு வருவீங்க அண்ணா?” என்றேன். சார் என்பது தானாகவே போய்விட்டது.

“அதான் தெரியலை. விலையை ஏத்தினா ஜனம் எதிர்க்கடைக்குப் போயிடும்.”

வாசலில் ஏணி சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஏணி அண்ணன்தான்.

“எதிர்க்கடையா? அவரும் அதே வரியில மாட்டிக்கிட்டு முழிக்கிறார். ரெண்டு நாளா நம்ம விலைப்பலகையையே எட்டி எட்டிப் பாக்குறார். நீங்க ஏத்தலைன்னு அவரும் ஏத்தாம இருக்கார்.”

“நிஜமாவா?”

“ஆறு வருஷமா இப்படித்தான் விலையை ஏத்தாம இருக்காராம். அங்க மதியத்துக்கு மேல மாட்ட வேலையே இல்லை, பேசிட்டுத்தான் இருந்தோம்.”

முதலாளி எழுந்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் வாசல் பலகையில் பழைய விலையை அழித்துவிட்டு, ஜன்னலுக்கு இரண்டு டீயின் விலையைக் கூட்டி எழுதினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்க்கடைக்காரர் ஈரத்துணியோடு வெளியே வந்தார். தன் பலகையைத் துடைத்துவிட்டு, எங்கள் கடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

படிவத்தை எங்கள் முன்னாலேயே கிழித்தார் முதலாளி. எங்கள் சம்பளத்தில் இனி இரண்டு கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று ஏணி அண்ணன் ஒரு பாட்டம் புலம்பினார். புலம்பிக்கொண்டே ஏணியைப் பழைய இடத்தில் சாய்த்தார். கத்தரி அக்கா அட்வான்ஸ் கேட்காமலேயே புதுத் துணியை விரித்து, பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலாளிக்குக் காட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து இருபது ஜன்னலையும் முடித்தோம்.

அடுத்த வாரம் முதலாளி இன்னொரு படிவத்தோடு வந்தார். இது பெயர் சேர்ப்பதற்கு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்.

“புது ஆள் எடுக்குறீங்களா அண்ணா? பேர் சொல்லுங்க.”

“என் பேரைத்தான் எழுது.” அவருக்கு வெட்கமாக இருந்தது. “இவ்வளவு வருஷத்துல நான் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. சம்பளம்னும் எடுத்துக்கிட்டதில்லை. நானும் வரி கட்டிட்டுப் போறேன்.”

“லீவு வேணும்னா என்கிட்ட கேக்கணும் தம்பி,” என்றார் கத்தரி அக்கா.

எனக்கு மகள் பிறந்தாள். முதல் மாதப் பணம் சொன்ன தேதிக்கு வந்தது. அதை எண்ணிப் பார்த்துவிட்டு என் கணவர் என் முன்னால் எழுந்து நின்றார். மறுநாள் அக்காவிடம் கேட்டு வாங்கிய முதல் லீவில் முதலாளி குழந்தையைப் பார்க்க வந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலம். அந்தத் தலைகீழ்ப் பூக்கள், ஓரமடித்து, எங்கள் அறை ஜன்னல் அளவுக்கு அவரே தைத்திருந்தார். தையல் கோணல்மாணல்தான்.

“விற்க முடியாது பாரு. அதான்...” என்று இழுத்தார்.

கட்டிலின் தலைமாட்டில்தான் எங்கள் ஜன்னல். அங்கே மாட்டிவிட்டுப் போனார். நானும் மகளும் படுத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தோம். படுத்திருக்கிறவர்களுக்குப் பூவெல்லாம் நேராகத்தான் தெரிந்தது. இருவரும் நான்கு மாதம் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.