பேஸின் அடி அடுக்கு

அரியலூரில் நெஞ்சுக்கூடு அதிர்வதற்கு விலை இருபத்தோராயிரம், லைட் தனி. பெரம்பலூர் சவுண்ட் சர்வீஸ்காரர் வேணுகோபால், "மூணு அடுக்கு பேஸ், வேற எவன்கிட்டயும் கிடையாது" என்று முப்பதில் ஆரம்பித்தார். சின்ன வெங்காய மண்டி நடத்தும் பஞ்சவர்ணம் பதினைந்தில் ஆரம்பித்தாள். மூத்த மகன் கல்யாண வரவேற்பு என்பதால் கொஞ்சம் ஏறி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அடிச்சத்தம் எழுப்பும் பேஸ் பெட்டி மேல் டம்ளரில் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் ஆட வேண்டும்.

வரவேற்பு ஆறு மணிக்கு. ஐந்தேகாலுக்கு, பேஸ் பெட்டிகளை ஓட்டும் ஆம்ப் புகைந்து அடங்கியது.

ஹேமலதா மூன்று வருடமாக வேணுகோபாலின் கடையில் பில் போட்டவள். லேப்டாப்பில் அவளே செய்த இசையைக் கேட்டுவிட்டு, இன்றுதான் முதல்முறையாக மிக்சருக்குப் பின்னால் நிற்க விட்டிருந்தார். 'சொதப்பினா திரும்ப பில் புக்குதான்' என்று வேனிலேயே சொல்லியும் வைத்திருந்தார்.

"பாடாலூர் குடோன்ல வேற ஆம்ப் இருக்குண்ணே."

"போயிட்டு வர ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள பந்தி முடிஞ்சு வெத்தலயே போட்டுருவாங்க. நீ தள்ளிக்க, நான் பென் டிரைவ்ல சினிமாப் பாட்டு ஓட்டிக்கிறேன்."

"பத்து நிமிசம் குடுங்கண்ணே."

அவள் செய்த இசையின் பேஸில் அடி அடுக்கு நெஞ்சில் இறங்கும். நடு அடுக்கு உறுமும். மேல் அடுக்கு 'டக்'கென்று தட்டும். மிச்சமிருந்த சின்னப் பெட்டிகளுக்கு அடி அடுக்கைத் தூக்கத் தெம்பில்லை. அதை மொத்தமாக எடுத்தாள். அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலேற்றி, கரகரப்பு கூட்டி, உறுமலோடு சேர்த்தாள். மேலே இருப்பது சரியாக அமைந்தால், அடியில் இல்லாததைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருப்பதாக நம்புகிறோமே, அந்த மாதிரி.

ஓட்டினாள். தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. வேணுகோபால் பென் டிரைவை நீட்டினார்.

ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. வியர்வையில் விரல் வழுக்க, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

மண்டபம் கனத்தது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செத்த பெட்டிக்கு உயிர் வந்துவிட்டதா என்று வேணுகோபாலே தொட்டுப் பார்த்தார்.

"பரவால்லியே, சத்தம் நல்லா கனமா இருக்கே!" பஞ்சவர்ணம் பட்டுப்புடவையும் எவர்சில்வர் டம்ளருமாக வந்து நின்றாள். டம்ளரைப் பேஸ் பெட்டி மேல் வைத்துக் குனிந்தாள்.

தண்ணீர் அசையவில்லை.

வேணுகோபாலின் முழங்கால் பெட்டியோரம் மெதுவாக முட்டியது. தண்ணீர் ஆடியது.

"தம்பி, காலை எடு. தராசுத் தட்டுல வெரல் வக்கிறவன நான் தெனம் பாக்குறேன்."

வேணுகோபால் அசடு வழிந்தார். ஹேமலதா பாட்டை நிறுத்தினாள்.

"ஆம்ப் பொகஞ்சிருச்சும்மா. இந்தப் பெட்டியில சத்தமே இல்ல. அடி அடுக்க எடுத்துட்டேன். உங்க காதுதான் அத போட்டுக்குது."

"என் காதா?"

"ஆமாம்மா."

"இன்னொருக்கா போடு."

ஒரு கையைப் பெட்டி மேலும் மறு கையைத் தன் நெஞ்சிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அடிப்பாவி! என் காதையே எனக்கு வித்துருக்க. நாப்பது வருசமா மண்டியில குந்தியிருக்கேன், எனக்கு இது தோணல பாரு."

"பொண்ணு புதுசுக்கா, நான் வேற பாட்டு மாத்தி—"

"நீ கீழ எறங்கு தம்பி. அவ நிக்கட்டும்."

டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஹேமலதாவின் முன்னால் விரல் மடக்கி எண்ணினாள்.

"பேசுனது மூணு அடுக்கு. வந்தது ரெண்டு. பாக்கி ஒண்ணு. ஆவணியில சின்னவன் கல்யாணம். அன்னைக்கு மூணு, இந்தப் பாக்கி ஒண்ணு, ஆக நாலு. நீயே வந்து எறக்கிட்டுப் போ."