டிரைவரம்மாவின் மூச்சு

டவுன் பஸ் ஓட்டும் ஒரு பெண்மணிக்கு ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் என்றால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை. 'தாளவேட்டை' என்ற வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் 'டிரைவரம்மா' என்று சொன்னால் போதும், துள்ளுகிற பொடிசுகள்கூட வாயை மூடிக்கொள்ளும். பாட்டு ஓடும், திரையில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து இறங்கும், அவை அடியில் இருக்கும் கோட்டைத் தொடும்போது மடியிலிருக்கும் பலகையில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதன் கடைசிப் பாட்டை ஒரு கட்டம்கூடத் தவறாமல் முதன்முதலில் தட்டி முடித்தவள் அவள்தான். அதன்பிறகு அந்தப் பாட்டில் அவள் தோற்றதே கிடையாது.

அந்தப் பாட்டின் முடிவில் வில்லங்கமான ஓர் இடம் உண்டு. டிரம்ஸ் உச்சத்துக்குப் போய் விழும்போது கட்டம் மட்டும் கொஞ்சம் பிந்தி இறங்கும். காதை நம்பித் தட்டியவர்கள் எல்லாம் மண்ணைக் கவ்வினார்கள். டிரைவரம்மாதான் மூச்சைப் பிடித்து, கையை அந்தரத்தில் நிறுத்தி, பிறகு தட்டினாள். ரசிகர்கள் அந்த இடத்துக்கு 'மூச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை அச்சடித்த சட்டைகூட விற்பனைக்கு வந்தது. அவளிடமும் ஒன்று இருக்கிறது. அலமாரியில் அதன்மேல் வேறு துணி வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

பல வருடம் தூங்கிக் கிடந்த அந்த ஆட்டத்தை இப்போது ஒரு நிறுவனம் புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறது. அதில் மூச்சைக் காணோம். கட்டங்கள் டிரம்ஸோடு பிசகாமல் இறங்குகின்றன. ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். "ஆட்டத்தோட உயிரையே உருவிட்டாங்க" என்று பழைய ஆட்கள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். "இப்பதான் பாட்டு பாட்டா இருக்கு, போங்க தாத்தா" என்றார்கள் புதியவர்கள். இதில் தாத்தா என்று பேர் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

மூச்சை எடுத்தது யாரென்று இரண்டு கட்சிக்கும் தெரியாது. டிரைவரம்மாவுக்குத் தெரியும். அந்த நிறுவனத்தில் எந்தத் தாளத்துக்கு எந்தக் கட்டம் என்று குறித்து வைப்பது அவளுடைய மருமகளின் வேலை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. பேக்கரியில் கேக் செய்யும் மகன், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நழுவிவிடுவான்.

யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிற நிறுவனத் தலைவர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் இரண்டு கட்சியும் கூட வேண்டும். டிரைவரம்மா மேடையில் புது ஆட்டத்தை ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவள் கேட்டால் மூச்சு திரும்பி வரும்.

"அப்ப நீ செஞ்சதெல்லாம்?" என்று கேட்டாள் டிரைவரம்மா மருமகளிடம்.

"அந்தப் பாட்டையே வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுவாங்க அத்தை. என் பேரும் போயிடும்."

"அதுக்காக உன் முகத்தைப் பார்த்து நான் மழுப்ப மாட்டேன்."

"மழுப்பச் சொல்லலையே. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். திரையைப் பார்க்காம அந்தப் பாட்டை எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது. "யாரைப் பார்த்து என்ன கேக்குற? அது என் ரத்தத்துல ஓடுற பாட்டு!" மருமகள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். கெஞ்சியிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கெஞ்சாதவளை என்ன செய்வது? வீம்புக்காரி, என்று மனதுக்குள் திட்டினாள். அந்த வீம்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மறுநாள் டிப்போவில் காலி பஸ்ஸில் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டாள். ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. அந்த இடம் வந்ததும் கை தானாக அந்தரத்தில் நின்றது. டிரம்ஸ் நிற்கவில்லை. அது பாட்டுக்கு விழுந்துவிட்டுப் போய்விட்டது. திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதே கதை. மூச்சு பாட்டில் இல்லவே இல்லை! பழைய ஆட்டத்தைச் செய்தவர்கள் யாரோ எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார்கள். இத்தனை வருடமாக அவள் கண்ணால்தான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கடைசியில் சிரிப்புத்தான் வெளியே வந்தது.

"தனியா யாரோட சிரிக்கிறீங்க?" என்றார் ஏறி வந்த கண்டக்டர்.

"என் கையோட" என்றாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே மேடை ஏறினாள். பழைய ஆட்களின் ஆரவாரம் கூரையைப் பிய்த்தது. பின்வரிசையில் மகனோடு நின்ற மருமகளின் முகம் சுண்டிப் போனதை மேடையிலிருந்தே பார்த்தாள்.

ஆடத் தொடங்கினாள். கட்டங்கள் மழையாக இறங்கின, ஒன்றும் தப்பவில்லை. அந்த இடம் வந்தது. நிற்காதே, நிற்காதே என்று மனம் கத்தியது. கை நின்றது. திரை சிவந்தது.

"பார்த்தீங்களா! டிரைவரம்மாவாலயே முடியல! மூச்சைத் திருப்பிக் குடு!" என்று மண்டபம் அதிர்ந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். "கத்தாதீங்கப்பா. இறங்க வேண்டிய இடம் வந்தா நானே சொல்றேன். முதல்ல திரையை அணைங்க. எல்லாரும் கண்ணை மூடிட்டு, பாட்டுக்குக் கை மட்டும் தட்டுங்க."

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தபோது அத்தனை கைகளும் டிரம்ஸோடு ஒன்றாக விழுந்தன. பழைய ஆட்களின் கைகளும்தான். அவர்களே திருதிருவென்று விழித்தார்கள்.

"என் கை மட்டும்தான் நின்னுச்சு" என்றாள் டிரைவரம்மா. "இந்தச் சட்டையை நான் கழட்ட மாட்டேன். ஒரு பிழையைக்கூடப் பிசகாம அடிச்ச கை இது, எனக்கு அதுல பெருமைதான். மூச்சு பழைய ஆட்டத்துல பத்திரமா இருக்கட்டும். புதுசுல ஒரு கட்டத்தைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது."

"நீங்களே தோத்துட்டீங்களேம்மா!" என்றது ஒரு குரல், கிட்டத்தட்ட அழுதுகொண்டு.

"ஆமா, தோத்துட்டேன். இந்தப் பாட்டுல என்னை யாரும் தோக்கடிச்சதில்ல. இப்ப தோக்கடிச்சது யாருன்னு கேக்க மாட்டீங்களா? அதோ, பின்னால நிக்கிறாளே, அவதான். என் மருமக."

"அதான் அவளுக்காகப் பேசுறீங்களா?" என்றார் இன்னொருவர்.

"வீட்டுக்கு வந்து பாருங்க. ஒரு வாரமா நாங்க முகம் குடுத்தே பேசல."

மண்டபம் சிரித்தது. சிலர் முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள், போகட்டும். மகன் ஒரு விசில் அடித்தான். அது அம்மாவுக்கா மனைவிக்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். குனிந்து காதோரம் சொன்னாள்: "அத்தை, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அந்த இடத்துல ஒரே ஒரு கட்டத்தைக் குறைச்சிடவா?"

"கை வச்சுப் பாரு, வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றாள் மாமியார். பலகையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பாட்டைத் திரும்பப் போடு."